லோடு பேங்கைக் கையால் ஓட்டி பேட்டரி கெபாசிட்டி பார்ப்பது எப்படி?

பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையின் சப்ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டிருக்கிறார். அங்கே 110 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி, 55 செல். வருடாந்திர கெபாசிட்டி டெஸ்ட் வந்துவிட்டது. லோடு பேங்கின், அதாவது பேட்டரியிலிருந்து கரண்டை இழுத்துச் சூடாக்கிக் கழிக்கும் பெட்டியின், கன்ட்ரோல் கார்டு எரிந்துபோனது. உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் பட்டைகளும் ஃபேனும் நன்றாக இருக்கின்றன. 10, 5, 2.5, 2.5 ஆம்பியர் என்று நான்கு படிகளை சுவிட்ச் போட்டு எடுக்கலாம். "அண்ணா, கையாலேயே ஓட்டி பத்து மணி நேரம் முடித்துவிடலாமா? கரண்ட் குறைந்துகொண்டே வந்தால் ஏற்ற வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா? 17-ஆம் செல்லில் கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) கொஞ்சம் குறைவாக இருக்கிறது, அதை என்ன செய்வது?"

முடிக்கலாம் தம்பி. வாளையாரிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் இந்தப் பக்கத்து பேட்டரி ரூம்களில் நான் பார்த்த டெஸ்ட்களில் பாதி கையால் ஓட்டியவைதான். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார்டு கரண்டைச் சீராக வைக்கும் வேலையை மட்டும் செய்யவில்லை. வோல்ட் குறைந்தால் நிறுத்தியது, ஃபேன் நின்றால் நிறுத்தியது, சூடு ஏறினால் நிறுத்தியது, நேரத்தையும் ஆம்பியர்-அவரையும் கணக்கு வைத்தது. இனி அத்தனையும் உங்கள் தலையில். அதனால் இரண்டு பேர் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் மீட்டரை விட்டு நகரக் கூடாது.

லோடு போடுவதற்கு முன்னால் இன்னொன்று. இந்த பேட்டரியைக் கழற்றினால் ஃபால்ட் வந்தால் உங்கள் பிரேக்கர்களைத் திறக்கும் ட்ரிப் காயிலுக்கு யார் கரண்ட் கொடுப்பது? சார்ஜர் இருக்கிறதே என்று சொல்வார்கள். ஃபால்ட் வரும்போது ஏசி சப்ளை சரிந்தால் சார்ஜரும் சேர்ந்து சரியும். ரிலே வேலை செய்ய வேண்டிய அந்த நொடியில் டிசி இருக்காது. வேறு ஒரு பேட்டரி செட்டைத் தற்காலிகமாக டிசி பஸ்ஸில் (டிசி லைன்கள் எல்லாம் சேரும் பட்டையில்) போடுங்கள், இல்லையென்றால் ஷட்டவுன் வாங்குங்கள். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் டெஸ்டைத் தள்ளிப் போடுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

சரி, கரண்டுக்கு வருவோம். 200 ஆம்பியர்-அவர் என்பது பத்து மணி நேரக் கணக்கு. அதாவது 20 ஆம்பியரை 10 மணி நேரம் எடுத்தாலும், செல்லுக்கு 1.85 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 55 செல்லுக்கு 101.75 வோல்ட். ரெசிஸ்டர் பேங்குக்குக் கரண்ட் என்னவென்று தெரியாது, ஓம் மட்டும்தான் தெரியும். லோடு போட்டதும் பேட்டரி 109 வோல்ட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியருக்கு 5.45 ஓம் வேண்டும். அதே 5.45 ஓமைக் கடைசி வரைக்கும் விட்டுவைத்தால், 101.75 வோல்ட் வரும்போது கரண்ட் 18.7 ஆம்பியராக இறங்கியிருக்கும். போதாததற்குப் பட்டை சூடாகும்போது ஓமும் சிறிது ஏறும்.

"கரண்ட் குறைந்தாலும் ஆம்பியர்-அவரைக் கூட்டிக் கணக்குப் போட்டால் போச்சு" என்று நினைக்கத் தோன்றும். அது சரியாக வராது. லெட்-ஆசிட் செல்லை மெதுவாகக் கறந்தால் அதிகம் கொடுக்கும், வேகமாகக் கறந்தால் குறைவாகக் கொடுக்கும். டியூபுலர் பேட்டரிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1651-இன் அட்டவணையில், பத்து மணி நேரத்தில் 100 கொடுக்கும் டியூபுலர் செல், ஐந்து மணி நேரத்தில் காலியாக்கினால் ஏறக்குறைய 83 தான் கொடுக்கும். ஒரு மணி நேரத்தில் காலியாக்கினால் பாதிதான். கரண்டைச் சரிய விட்டால் பேட்டரிக்கு நீங்கள் சலுகை கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசி இரண்டு மணி நேரம், அதாவது அது திணற வேண்டிய நேரத்தில்தான் அந்தச் சலுகை அதிகம் கிடைக்கிறது. சுமாரான பேட்டரியும் பாஸாகிவிடும். ஆகவே ஏற்றத்தான் வேண்டும். 20 ஆம்பியரில் ஒரு சதவீதம், 19.8-க்கும் 20.2-க்கும் நடுவில், என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேங்கில் ஆகச் சின்னப் படி 2.5 ஆம்பியர். அதை வைத்து 0.2 ஆம்பியரைப் பிடிக்க முடியாது. 10, 5, ஒரு 2.5 ஆகியவற்றைப் போட்டு ஏறக்குறைய 17.5 ஆம்பியரை நிலையாக நிறுத்துங்கள். மீதிக்குத் தனியாக ஒரு கிளை இழுங்கள்: 50 ஓம், 5 ஆம்பியர் ஸ்லைடர் ரியோஸ்டாட், காலேஜ் லேப்களில் இருக்குமே, அதுதான். அதோடு தொடராக ஒரு 22 ஓம் நிலையான ரெசிஸ்டர், 600 வாட்டாவது தாங்குவது. இந்த 22 ஓம் இல்லாமல் ரியோஸ்டாட்டை நேராகப் போடவே கூடாது. அசந்த நேரத்தில் ஸ்லைடர் கடைக்கோடிக்குப் போனால் பேட்டரி ஷார்ட் ஆகிவிடும். 22 ஓம் இருந்தால் எங்கே தள்ளினாலும் 5 ஆம்பியருக்கு மேல் போகாது. ஆரம்பத்தில் இந்தக் கிளை 2.75 ஆம்பியர் அளவில் எடுக்கும். முடிவில் 4 ஆம்பியர் பக்கம் வரும். ஸ்லைடரில் அதற்கு இடம் இருக்கிறது.

ஹீட்டர் காயிலை வாங்கிக் கட்டினாலும் தப்பில்லை. 230 வோல்ட், 1000 வாட் காயில் ஏறக்குறைய 53 ஓம். 109 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான் எடுக்கும், கால் பங்கு சூட்டில் கிடக்கும். குண்டு பல்பு வரிசை வைத்து ஓட்டிய பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்பு இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதனால் போட்டவுடன் கரண்ட் பாயும். உப்புத் தண்ணீர் டிரம் மட்டும் வேண்டவே வேண்டாம். டிசியில் அது ஹைட்ரஜனையும் குளோரினையும் கிளப்பும். தண்ணீர் சூடாக ஆக கரண்ட் தானாக ஏறிக்கொண்டே போகும்.

கரண்டை க்ளாம்ப் மீட்டரில் பார்க்காதீர்கள். டிசி க்ளாம்பின் ஜீரோ நகரும், அதன் பிழையே 2 சதவீதம் வரும். நீங்கள் பிடிக்க நினைப்பதோ ஒரு சதவீதம். 50 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷண்ட் (50 ஆம்பியர் ஓடினால் 75 மில்லிவோல்ட் காட்டும் அளவுப் பட்டை) ஒன்றைத் தொடரில் போட்டு மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 20 ஆம்பியர் என்றால் 30.0 மில்லிவோல்ட். 29.7-க்கும் 30.3-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. டெஸ்ட் முடியும் வரை அந்த மீட்டரை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். செல் வோல்ட்டுக்கு இன்னொரு மீட்டர்.

வோல்ட்டை எங்கே பார்ப்பது என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லோடு பேங்கை பேட்டரி ரூமுக்கு வெளியேதான் வைக்க வேண்டும். 2 கிலோவாட் சூடும் சுவிட்ச் பொறியும் ஹைட்ரஜன் தேங்கும் இடத்தில் ஆகாது. அப்போது 15 மீட்டர் கேபிள் ஓடும். 6 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி, போக வர 30 மீட்டர், 20 ஆம்பியர்: கேபிளிலேயே 1.75 வோல்ட் போய்விடும். லோடு பேங்கின் மீட்டர் 101.75 காட்டும்போது பேட்டரியில் 103.5 இருக்கும். நல்ல பேட்டரியைத் தோற்றுவிட்டது என்று எழுதி நிறுத்திவிடுவீர்கள். மெல்லிய தனி ஒயர் இரண்டை பேட்டரியின் முதல், கடைசி முனைகளிலிருந்து நேராக இழுத்து அதில் வோல்ட் பாருங்கள். சுவிட்ச் டிசிக்கு உரியதாக இருக்கட்டும். வீட்டு ஏசி எம்சிபி டிசி ஆர்க்கை அணைக்கும் என்று நம்ப முடியாது.

இனி ஓட்டும் முறை. பூஸ்ட் (முழு சார்ஜ்) முடித்து மூன்று நாளாவது ஃப்ளோட்டில் (நிறைந்ததை அப்படியே வைத்திருக்கும் மெல்லிய சார்ஜில்) இருந்த பேட்டரியாக இருக்க வேண்டும். சார்ஜரைப் பிரித்து 55 செல்லின் வோல்ட், கிராவிட்டி, சூடு எல்லாம் எழுதுங்கள். காலை ஆறு மணிக்கு லோடு போடுங்கள். மத்தியானம் மூன்று, நான்கு மணிக்குத்தான் முக்கியமான கட்டம் வரும். அந்த நேரம் வெளிச்சம் இருக்கும், பகல் ஷிஃப்ட் ஆட்களும் இருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் ராத்திரி முழுக்க விழித்த தூக்கக் கலக்கத்தில் கடைசி மணி நேரத்தைப் பார்க்க வேண்டிவரும்.

முதல் சில நிமிடம் வோல்ட் சட்டென்று குழிந்து, பிறகு கொஞ்சம் மேலே வரும். லெட்-ஆசிட்டின் சுபாவம் அது. அதைப் பார்த்து ஸ்லைடரை ஓட்டாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போகட்டும், பட்டையும் சூடாகி நிலைக்கட்டும், அப்புறம் 20-க்குக் கொண்டு வாருங்கள்.

அப்புறம் அடிக்கடி தொட வேண்டாம். கைக்குச் சும்மா இருக்க முடியாது, மீட்டரில் கடைசி இலக்கம் ஆடினாலே ஸ்லைடரை நகர்த்தத் தோன்றும். முதல் ஐந்தாறு மணி நேரத்தில் மொத்த வோல்ட் மணிக்கு அரை வோல்ட்தான் இறங்குகிறது என்றால், கரண்ட் மணிக்கு 0.1 ஆம்பியர்கூடக் குறையாது. எனக்குக் கைவந்த முறை இதுதான். ஸ்லைடரை நகர்த்தி 20.1-இல் நிறுத்துவேன், 20.0-இல் அல்ல. அது தானாக வழுக்கி 19.9-க்கு வரும் வரை விடுவேன். வந்ததும் திரும்ப 20.1. இடைப்பட்ட நேரத்தின் சராசரி சரியாக 20.0. லாக் புக்கில் தொடுவதற்கு முன் எவ்வளவு, தொட்ட பின் எவ்வளவு என்று இரண்டையும் நேரத்தோடு எழுதுவேன். ஒரு வரியின் 'பின்'னையும் அடுத்த வரியின் 'முன்'னையும் கூட்டிப் பாதியாக்கி, நேரத்தால் பெருக்கினால் அந்த இடைவெளியின் ஆம்பியர்-அவர் வந்துவிடும். யார் கேட்டாலும் அந்தத் தாளைக் காட்டலாம். கையால் ஓட்டிய டெஸ்டை நம்ப மறுப்பவர்கள் உண்டு; இப்படி எழுதிய தாளை மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு, காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை திறந்த காயில் பேங்கை வராந்தாவில் வைத்து ஓட்டினோம். வோல்ட் அசையாமல் நிற்கிறது, மில்லிவோல்ட் மட்டும் 30.0, 30.3, 30.1 என்று ஆடுகிறது. ஒரு மணி நேரம் ஷண்ட் நட்டு, ஒயர், மீட்டர் பேட்டரி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அப்புறம்தான் கவனித்தேன், வாசலில் தென்னை ஓலை சரசரக்கும்போதெல்லாம் எண் ஏறுகிறது. காற்று பட்டதும் காயில் ஆறுகிறது, ஓம் குறைகிறது, கரண்ட் ஏறுகிறது. இரண்டு தகரத் தடுப்பை மேற்குப் பக்கம் சாய்த்து வைத்தோம், மேலே சூடு போக வழி விட்டு. எண் நின்றது. ஃபேன் உள்ள பேங்க் என்றாலும் எதிர்க்காற்று அதன் வாயில் அடிக்காதபடி திருப்பி வையுங்கள்.

செல் ரீடிங் மணிக்கு ஒருமுறை. எட்டு மணி நேரம் தாண்டினால் அரை மணிக்கு ஒருமுறை. 104 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் விடாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். ஒருவர் படிக்க ஒருவர் எழுதும்போது, எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். படிக்கும் சேட்டன் மலையாளத்தில் சொல்ல, எழுதும் நாம் தமிழில் கேட்க, ஃபேன் இரைச்சலில் எண்பதும் ஐம்பதும் ஒன்றாகக் கேட்கும். 1.80-க்கும் 1.50-க்கும் நடுவில் ஒரு செல்லின் ஆயுளே இருக்கிறது.

மொத்த வோல்ட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதை நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். எல்லையோர ஆலை ஒன்றில் இதே போல 55 செல். ஒன்பதாவது மணி நேரம், மொத்தம் 102.1. இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் ஸ்லைடரிலேயே கண்ணாக இருந்தேன். செல் ரீடிங்குக்கு அரை மணி பாக்கி. உதவிக்கு வந்த பையன்தான் "அண்ணா, 31 கை வைக்க முடியலை" என்று கூப்பிட்டான். மீட்டர் வைத்தால் மைனஸ் காட்டுகிறது. மற்ற 54 செல்லும் 1.90 வீதம் 102.6 கொடுத்துக்கொண்டிருந்தன, அந்த ஒன்று அரை வோல்ட் தலைகீழாக நின்றது. கூட்டினால் 102.1, மொத்த மீட்டரைப் பொறுத்தவரை எல்லாம் நலம். மற்ற செல்களின் கரண்ட் அதன் வழியே எதிர்த் திசையில் சார்ஜ் செய்வது போல ஓடியதில் செல் சூடேறிவிட்டது. பிறகு எவ்வளவோ சார்ஜ் செய்தும் அது எழவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே உங்கள் 17-ஆம் செல்லுக்குத் தனியாக ஒரு மீட்டரை நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். மற்றவை 1.90-க்கு மேல் நிற்கும்போது அது மட்டும் 1.80, 1.70 என்று சரிய ஆரம்பித்தால் தயாராகுங்கள். 1 வோல்ட்டை நெருங்கினால் லோடை நிறுத்தி அந்தச் செல்லை விலக்க வேண்டும். முதலில் அதன் ஒரு பக்க லிங்க்கை (செல்களை இணைக்கும் பட்டையை) கழற்றுங்கள்; அதன் பிறகே அதைத் தாண்டி இரு பக்கத்துச் செல்களையும் சேர்த்து ஜம்பர் போடுங்கள். லிங்க் இருக்கும்போதே ஜம்பர் போட்டால் செல் ஷார்ட் ஆகும். ஜம்பர் கேபிளை அளவெடுத்து, முனையில் லக் அடித்து, டேப் சுற்றிய ஸ்பேனரோடு காலையிலேயே 17-க்குப் பக்கத்தில் வையுங்கள். ஏனென்றால் நேரம் கிடையாது: பேட்டரி டெஸ்டுக்கான ஐஇஇஇ 450 தரநிலை சொல்வதன்படி இந்த இடைவேளை 6 நிமிடமோ மொத்த நேரத்தில் 10 சதவீதமோ, எது குறைவோ அதற்குள் முடிய வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை. லோடு இல்லாமல் கிடந்தால் பேட்டரி மூச்சு வாங்கித் தெளிந்துவிடும், பிறகு வரும் கணக்கு நிஜமாக இருக்காது. சாப்பாட்டுக்கு நிறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். செல்லை விலக்கிய பிறகு முடிவு வோல்ட் 54 செல்லுக்கு 99.9. மறக்காமல் மாற்றி எழுதுங்கள்.

சுற்றி வரும்போது லிங்க்குகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ரப்பர் கையுறையோடுதான். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே போல்ட் தளர்ந்திருக்கிறது. மீட்டரில் மில்லிவோல்ட் வைத்து மற்ற லிங்க்குகளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஓடும்போது முறுக்காதீர்கள், குறித்து வையுங்கள்.

101.75 வந்த நொடியில் நேரத்தைக் குறித்து மெயினைப் பிரியுங்கள். பத்து மணி நேரம் ஆகியும் வோல்ட் மேலேயே இருந்தால், டிசிக்கு மாற்று ஏற்பாடு இருக்கும் பட்சத்தில் நான் 101.75 வரைக்கும் தொடர்வேன். "பாஸ்" என்ற ஒரு சொல்லைவிட 10 மணி 25 நிமிடம் என்ற எண் அடுத்த வருடம் ஒப்பிட உதவும். லோடு பிரித்தாலும் ஃபேன் இன்னும் பதினைந்து இருபது நிமிடம் ஓடட்டும்.

கணக்கில் சூட்டைச் சேர்க்காமல் விடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஆசிட் 34 டிகிரியில் இருக்கும். அளவுகோலோ 27 டிகிரி. டிகிரிக்கு 0.43 சதவீதம் கழிக்க வேண்டும். 9 மணி 20 நிமிடம் ஓடியது என்றால் 186.7 ஆம்பியர்-அவர், பார்க்க 93 சதவீதம். ஏழு டிகிரிக்கு 3 சதவீதம் போனால் 181, அதாவது 90.5. ரூம் சூட்டை எழுதிவிடாதீர்கள், செல்லுக்குள் தெர்மாமீட்டர் விட்டு ஆரம்பத்திலும் முடிவிலும் எடுத்த சராசரிதான் கணக்கு. 80-க்குக் கீழே வந்தால் புது பேட்டரிக்கு எழுதிப் போட வேண்டியதுதான். போன முறையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்திருந்தாலோ, 90-க்குக் கீழே வந்துவிட்டாலோ ஒவ்வொரு வருடமும் தவறாமல் டெஸ்ட் பண்ணுங்கள்.

காலியான பேட்டரியை அன்றைக்கு ராத்திரி அப்படியே விட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, சல்ஃபேட் பிடித்துவிடும். ஜம்பர் போட்டிருந்தால் எடுத்து 17-ஐத் திரும்பச் சேர்த்து, அரை மணிக்குள் சார்ஜில் போடுங்கள். எடுத்ததில் 110 முதல் 120 சதவீதம் வரை திரும்பப் போக வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்டைப் போட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜில் வராத கேஸ் எல்லாம் இப்போதுதான் வரும். மறுநாள் கிராவிட்டி பார்க்கும்போது எல்லாம் 1200-க்கு (அதாவது 1.200) வந்து 17 மட்டும் 1180-இல் நின்றால், அதைத் தனியாக 2 வோல்ட் செல் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். ஆசிட் ஊற்றி எண்ணை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். தனிச் சார்ஜுக்குப் பிறகும் ஏறவில்லை என்றால் 55 செல்லின் ரீடிங்கையும் எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.